பிள்ளையாருக்குச் செவ்வாய் எட்டில்

மானிப்பாயில் இராசநாயகம் மாஸ்ரரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய கொம்பியூட்டரைத் தெரியாதவர்கள் இல்லை. லண்டனில் இருந்த மைத்துனர் அனுப்பிய அந்தப் பெட்டியை முன்னறையில் வைத்து, பட்டுத்துணி போர்த்தி, வாசலில் ‘விஞ்ஞான முறைச் சாதகம்’ என்று பலகையும் கொழுவியிருந்தார். இளைப்பாறிய விஞ்ஞான வாத்தியார் அல்லவா, சாத்திரிமாரைக் கண்ணில் காட்டக்கூடாது. “உவங்கள் சோழியைக் குலுக்கிச் சனத்தை ஏமாத்துறாங்கள். இது மெசின். மெசினுக்குப் பொய் தெரியாது” என்பார்.

மெசினுக்குத்தான் தெரியாது. மாஸ்ரருக்கு நன்றாகத் தெரியும். செவ்வாய் குற்றத்தால் கலியாணம் தடைப்பட்ட பெண்ணின் தகப்பன் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் கதைத்தால், பிறந்த நேரம் கொஞ்சம் முன்னே பின்னே நகரும்; செவ்வாய் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சண்டையால் குடாநாட்டில் பாதிச் சனம் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஒரு கிரகம் இடம்பெயர்ந்ததை யார் கேட்கப்போகிறார்கள்?

கடைசியாக இடம்பெயர்ந்தது அவருடைய சொந்த மகள் மீனாம்பிகையின் செவ்வாய். எட்டாம் வீட்டில் சப்பாணி கட்டி இருந்ததை ஒன்பதாம் வீட்டுக்குக் கிளப்பிவிட்டு, அச்சடித்த சாதகக் குறிப்பைப் புத்தூர் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பொருத்தம் திறம் என்று பதில் வந்தது. ஆவணியில் கலியாணம் என்று முற்றாக்கியும் ஆயிற்று. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாய்மாமன் நமசிவாயம் வந்து நின்றார். புத்தூரில் ரியூசன் கொட்டில் நடத்துபவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை ஒருவரும் கண்டதில்லை.

“மாஸ்ரர், உந்தக் கொம்பியூட்டரை எனக்கு வித்துவிடுங்கோவன். பெடியளுக்குப் படிப்பிக்கலாம். விலையைச் சொல்லுங்கோ.”

மாப்பிள்ளையின் மாமனுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஓம் என்றார். சொன்ன பிறகுதான் பெட்டிக்குள் கிடப்பவை நினைவுக்கு வந்தன. ஊரில் உள்ள அரைவாசிக் குமர்ப் பெண்களின் உண்மைக் குறிப்பும் பொய்க் குறிப்பும் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மீனாம்பிகையினதும் கிடந்தது. நமசிவாயம் அதைக் கண்டால் கலியாணம் அன்றோடு குழம்பிவிடும்.

மத்தியானமே அழிக்க உட்கார்ந்தார். அந்த மெசினுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒவ்வொரு பெயராகக் காட்டி, ‘இன்னாரை அழிக்கட்டுமா?’ என்று இங்கிலீசில் கேட்கும். மாஸ்ரர் தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஓம், ஓம் என்று தட்டினார். குணலட்சுமி போனாள். பராசக்தி போனாள். மகளின் பொய்க் குறிப்பும் போனது. அப்படியொரு பிள்ளை பிறக்கவேயில்லையே, அதற்கென்ன தயக்கம்? பிறகு உண்மைக் குறிப்பு வந்தது. மீனாம்பிகையை அழிக்கட்டுமா?

விரல் இறங்கவில்லை.

உயிரோடு இருக்கிற ஆளின் குறிப்பை யாரும் கிழிப்பதில்லை, எரிப்பதில்லை. ஆள் போன பிறகுதான் குறிப்புப் போகும். இதெல்லாம் சாத்திரிமாரின் கட்டுக்கதை என்று மாஸ்ரர் வகுப்பில் எத்தனையோ தரம் சிரித்திருக்கிறார். இப்போது பின்னால் வந்து நின்ற மனைவி பூரணம் சிரிக்கவில்லை.

“என்னவாம் கேக்குது?”

“பிள்ளையின்ரையை அழிக்கவோ எண்டு.”

“ஐயோ, என்ரை பிள்ளையையோ? கையை எடுங்கோ! வெளியிலை சண்டையிலை பிள்ளையள் அழியிறது காணாதெண்டு நீங்களும் வெளிக்கிட்டியளோ?”

“இது வெறும் எழுத்து, பூரணம். விஞ்ஞானப்படி பாத்தால்...”

“அப்ப தட்டுங்கோ பாப்பம்.”

தட்டவில்லை. விஞ்ஞானத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

கடைசியில் ஒரு யோசனை உதித்தது. அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டால்? மீனாம்பிகை என்று இருந்த இடத்தில் பிள்ளையார் என்று அடித்தார். நமசிவாயம் பழுத்த சைவன். பிள்ளையாரைக் கிண்டவும் மாட்டான், அழிக்கவும் மாட்டான். பிள்ளையும் தப்பும், கலியாணமும் தப்பும். தன் கெட்டித்தனத்தை நினைக்க அவருக்கே புல்லரித்தது. பூரணத்திடம் இன்னொரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார்.

நல்ல நாள் பார்த்து, மொறிஸ் மைனர் காரில் பெட்டி புத்தூர் போனது. மாஸ்ரரும் கூடப் போனார். நமசிவாயம் நிறைகுடம் வைத்து, பெட்டிக்குச் சந்தனப் பொட்டு இட்டு, கற்பூரமும் காட்டிவிட்டுத்தான் மின் ஆளியைப் போட்டார். திரை வெளித்தது. பெயர்கள் வரவேண்டிய இடத்தில் ஒரேயொரு பெயர்.

“அட, மாஸ்ரர், பிள்ளையார் சுழி போட்டல்லோ தந்திருக்கிறியள்!” நமசிவாயம் உருகிப்போனார்.

“தம்பி, உதைத் தொடாதேங்கோ.”

“பிள்ளையாரைத் தொடாமல் என்னத்தை மாஸ்ரர் துவங்கிறது?”

சைவன் எதையும் பிள்ளையாரில்தான் துவங்குவான் என்பது மாஸ்ரருக்கு மட்டும் எப்படி மறந்ததோ! நமசிவாயத்தின் விரல் இறங்கியது. கட்டங்கள் விரிந்தன. பிள்ளையார், பெண். தகப்பன் இராசநாயகம், மானிப்பாய். செவ்வாய் எட்டில்.

நமசிவாயம் ஆறுதலாக வாசித்தார். உள்ளே போய், சம்பந்தம் பேசும்போது வாங்கிய குறிப்பைக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். அதில் செவ்வாய் ஒன்பதில் இருந்தது.

“தம்பி, பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்ரை. கலியாணத்தைக் குழப்பிப் போடாதேங்கோ.” மாஸ்ரரின் கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

“சீச்சீ, என்ன கதை கதைக்கிறியள்? எல்லாத்துக்கும் பரிகாரம் இருக்குத்தானே.”

“எந்தக் கோயில் எண்டாலும் செய்யிறன், தம்பி.”

“கோயில் கோயிலாய் ஏன் அலைவான்? செவ்வாய் பூமிகாரகன் அல்லோ. உங்கடை பண்டத்தரிப்புத் தோட்டக் காணியையும் சீதன உறுதியிலை சேர்த்து எழுதிவிடுங்கோ, செவ்வாய் அடங்கிப்போம். உந்தப் பெட்டிக்கு நீங்கள் விலை கேக்கமாட்டியள் எண்டும் எனக்குத் தெரியும்.”

மாஸ்ரர் தலையாட்டினார். அந்தத் தோட்டத்து வெங்காயத்தில்தான் கடைசிக் காலத்தை ஓட்டலாம் என்று இருந்தவர். வாசல் படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

“தம்பி, அப்ப உதை இனி அழிச்சுவிடுங்கோவன்.”

“உயிரோடை இருக்கிற பிள்ளையின்ரை குறிப்பையோ?”

“அது பறுவாயில்லை. அதெல்லாம் சும்மா கட்டுக்கதை. ஒரு தட்டுத்தான், தட்டிவிடுங்கோ.”

நமசிவாயம் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“சிவ சிவா! பிள்ளையாரை ஆராவது அழிப்பினமோ, மாஸ்ரர்?”