சல்லடையில் பிடித்த சிக்னல்

என் தங்கச்சிக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. சின்ன வயசுல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கையாலயே ஒரு பாஷை பண்ணி வெச்சுக்கிட்டோம். அவளுக்கு வாச்ச மனுஷனுக்கே அதுல பாதிதான் புரியும், அவரும் இப்ப கப்பல் வேலையில இருக்கார். அவ தூர ஊர்ல பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. நர்ஸ்கிட்ட எதுவும் சொல்லணும்னா வீடியோவுல எனக்குக் கை காட்டுவா, நான் வாயால சொல்லுவேன். எழுதிக் காட்டலாமேன்னு கேக்காதீங்க. வலியில துடிக்கிறவ பேனாவையா தேடுவா?

எங்க சந்துல செல்போன்ல பேச்சே தட்டுத் தடுமாறித்தான் வரும், வீடியோவுக்கு வாய்ப்பே இல்ல. ரெண்டு தெரு தள்ளி கொழுந்தன் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான். கடை பூட்டியிருந்தாலும் அங்க வைஃபை ஓடும். என் வீட்டுக்காரர் ஃபேன் ரிப்பேர் பண்றவர். மாவு சலிக்கிற என் இரும்புச் சல்லடையைத் தூக்கிட்டுப் போய், நடுவுல விரல் நீளத்துக்கு வைஃபை பிடிக்கிற ஒரு டாங்கிளைக் கட்டி, வயரைப் பழைய லேப்டாப்புல சொருகி, மொட்டைமாடியில தண்ணி டேங்க் மேல கடையைப் பாக்க வெச்சார். சிக்னல் சல்லடையில குவிஞ்சு ஜம்முனு வந்துச்சு. "கொஞ்சம் திரும்பினாலும் போயிடும். உன்னை மாதிரிதான், ஒரு பக்கம்தான் காது கேக்கும்"னார். எனக்குச் சல்லடை போன கடுப்பு.

எல்லாத்தையும் கெடுத்தது மாடிவீட்டுக்காரி. லாட்ஜுக்குத் துணி துவைச்சுக் குடுக்கறவ. மொட்டைமாடியில அவளோட துணிக்கொடி சல்லடைக்கு நேரா போகுது. ஈரத்துணி தொங்கினா தண்ணி சிக்னலைக் குடிச்சிடும், துணி காயற வரைக்கும் ஒண்ணும் வராது. கொடியை மாத்திக் கட்டுன்னேன். "வெயில் இங்கதான் விழுது, நீ சல்லடையில மாவைச் சலி"ன்னா. எனக்கு வாய் சும்மா இருக்குமா? நல்லா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். அன்னியிலேர்ந்து பாம்பும் கீரியும்தான்.

நேத்து மத்தியானம் நர்ஸ் போன் பண்ணிச்சு. "என்னவோ சொல்றாங்க, புரியல, உடனே வீடியோவுல வாங்க." விழுந்தடிச்சு மாடிக்கு ஓடினேன். திரையில தங்கச்சி, பக்கத்துல ஊசியோட நர்ஸ். தங்கச்சி பல்லைத் தொட்டா, கையைத் தொண்டைக்குக் கொண்டு போனா. படம் அப்படியே நின்னுடுச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு. திரும்பிப் பாத்தா மாடிவீட்டுக்காரி கடைசி விரிப்பைப் பிழிஞ்சு போட்டுக்கிட்டிருக்கா.

"சாயங்காலத்துக்குள்ள லாட்ஜுக்குக் குடுக்கணும்"னு நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே சொன்னா.

"ஊமைப் பொண்ணு, பிரசவ வலி, ஊசி போடப் போறாங்க. அவ பேசறது என்னைத் தவிர யாருக்கும் புரியாது"ன்னேன். சண்டை போடத்தான் நினைச்சேன், அழுகைதான் வந்துச்சு.

அவ வந்து திரையைக் குனிஞ்சு பாத்தா. தொண்டையில கையோட உறைஞ்சு கிடந்தா என் தங்கச்சி. மாடிவீட்டுக்காரி விறுவிறுன்னு போய்க் கொடி முடிச்சையே அவுத்து விட்டுட்டா. வெள்ளை விரிப்பெல்லாம் ஈரத்தோட புழுதியில விழுந்துச்சு.

படம் அசைஞ்சுது. தங்கச்சி திரும்பப் பல்லைத் தொட்டு, தொண்டையைப் பிடிச்சு, விரலை விரிச்சு வீங்கற மாதிரி காட்டினா.

"அந்த ஊசி வேணாம்மா"ன்னு கத்தினேன். "பல்லு புடுங்கினப்ப ஒரு ஊசி போட்டு தொண்டை வீங்கி மூச்சு முட்டிடுச்சு. இது அதுவான்னு கேக்கறா."

நர்ஸ் மருந்துப் பேரைப் பாத்துச்சு, ஊசியைத் தட்டுல வெச்சுட்டு டாக்டரைக் கூப்பிட்டுச்சு. "தொண்டை காயுது, தண்ணி கேக்கறாங்கன்னு நினைச்சேன்"னுச்சு பாவம். டாக்டர் வந்து வேற மருந்து எழுதினார். தங்கச்சி கண்ணை மூடித் தலையணையில சாஞ்சா.

கண்ணைத் திறந்ததும் எனக்குப் பின்னாடி கை காட்டினா. யார் அதுன்னு கேட்டா. மாடிவீட்டுக்காரி புழுதி படிஞ்ச விரிப்பை ஒவ்வொண்ணாத் தூக்கி வாளியில போட்டுக்கிட்டிருந்தா. திரும்ப முதல்லேர்ந்து துவைக்கணும். "நீ பேசு, நான் பாத்துக்கறேன்"னா.

எங்க பாஷையில கன்னத்துல ரெண்டு விரல் வெச்சா அக்கான்னு அர்த்தம். அந்தச் சைகை எனக்கு மட்டும்தான், இத்தனை வருஷத்துல வேற யாருக்கும் வெச்சதில்ல. நான் கன்னத்துல ரெண்டு விரலை வெச்சு, மாடிவீட்டுக்காரி பக்கம் கை காட்டினேன்.