படத்துக்குக் கீழே இருந்த வார்த்தை

சுற்றுப்பயணிகளுக்கான எஸ்டேட் தேநீர்க் கடைச் சுவரில், கொழுந்து வெட்டும் சரோஜாவின் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. முதுகில் பிரம்புக்கூடை, மூடிய கண்கள். கீழே, எஸ்டேட் மேலாளர் துரை மாட்டச் சொன்ன தனிப் பலகையில் ஏதோ ஆங்கிலம். கல்லாவில் இருந்த ரெனீயைச் சரோஜா படிக்கச் சொன்னாள்.

“‘பியூகாலிக்’, அக்கா. பட்டணத்துச் சத்தம் இல்லாம, ஆடு மாடு, செடி கொடின்னு நிம்மதியா வாழுறதைச் சொல்ற வார்த்தை. யாரும் பேசமாட்டாங்க, விளம்பரத்துலதான் வரும்.”

“கூடை தூக்குறதை விட்டுப் பத்து வருசமாச்சு. இப்ப ரெண்டு பேரு மெஷினைப் புடிச்சுத்தான் வெட்டுறோம். படம் புடிச்சவன் மெஷின் அசிங்கமா இருக்குன்னு, இந்தக் கடையில அலங்காரத்துக்கு வச்ச கூடையை எனக்கு மாட்டிவிட்டான். மெஷின் புகையில எரிஞ்ச கண்ணை மூடிட்டு நின்னேன். அதுக்குப் பேரு நிம்மதியா லா?”

சரோஜா பலகையைக் காட்டினாள்.

“இந்த வார்த்தைய யாராச்சும் தன் பொழப்பைப் பத்திச் சொல்வாங்களா?”

ரெனீ யோசித்தாள். “இல்லக்கா. தள்ளி நின்னு பாக்குறவங்கதான் சொல்வாங்க.”

சரோஜா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள். பலகையைத் தொடவில்லை.

“துரை கேட்டா, அவரு வார்த்தைய அங்கயே விட்டுட்டேன்னு சொல்லு.”