இடது கை மட்டும்

தனசிங்கின் இடது கை மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

மற்றபடி அவர் நல்ல மாணவர். ரயில்வே ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய, உடம்பைத் தளர்த்தும் பயிற்சித் தாளை மனைவி ஜெனி தினமும் சாயங்காலம் வாசிப்பாள். சேலையூர் வீட்டு ஹாலில் பாய் விரித்து அவர் மல்லாந்து கிடப்பார். வலது பாதத்தை இறுக்குங்கள், பத்து எண்ணுங்கள், தளரவிடுங்கள். பாதம் தளரும். தொடை, வயிறு, தோள், தாடை எல்லாம் வரிசையாகத் தளரும். பள்ளிக்கூட டீச்சரான ஜெனிக்கு இப்படி ஒரு சமர்த்துப் பிள்ளை வகுப்பில் வாய்த்ததே இல்லை. ஆனால் இடது கை மட்டும் எதையோ அழுத்திப் பிடித்தபடியே இருக்கும்.

தாம்பரம்–பீச் மின்சார ரயிலை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். நான்கு மாதத்துக்கு முன் தண்டவாளத்தைக் கடந்த ஒரு பெண் அவர் வண்டியில் அடிபட்டுச் செத்தாள். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார். ராத்திரி நன்றாகத் தூங்கினார். அழுகையும் இல்லை, கனவும் இல்லை. ஜெனிக்கு அதுதான் கவலை. மனசு மரத்துப்போனால் ரத்தமும் சும்மா இருந்துவிடுமா? பிரஷர் நூற்றெழுபதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மாத்திரைக்கும் முழுசாக மசியவில்லை. டாக்டர் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். வரும் திங்கட்கிழமை சோதனையிலும் குறையாவிட்டால் ஆயுசுக்கும் ஆபீஸ் மேஜைதான். ரயிலை விட்டால் அவருக்கு வேறு உலகம் தெரியாது.

"கையை விடுங்களேன்," என்றாள் ஜெனி, சனிக்கிழமை.

"விட்டா பிரேக் விழுந்துடும்." கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

வண்டி ஓட்டும்போது இடது கையால் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கை தளர்ந்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஓர் ஏற்பாடு.

ஜெனி தாளை ஓரமாக வைத்தாள். அந்தக் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள்.

"சரி, அழுத்திக்கோங்க. ஒவ்வொரு ஸ்டேஷனா சொல்றேன். பீச் வந்ததும் விட்டாப் போதும். தாம்பரம்... சானடோரியம்... குரோம்பேட்டை... பல்லாவரம்..."

அவள் விரல்கள் நொறுங்கிவிடும்போல அழுத்தினார்.

"பல்லாவரம் இன்னும் வரல," என்றார். "நடுவுல அவ நிக்கிறா."

நான்கு மாதமாக அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. ஜெனி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"தலையில மீன் கூடை. அதைப் போட்டுட்டு ஓடியிருந்தா தப்பிச்சிருப்பா. அவ கூடையை விடல. நான் கையை விட்டேன் ஜெனி. விட்டும் வண்டி நிக்கல."

யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பீச்சுக்கு இன்னும் எத்தனையோ ஸ்டேஷன் பாக்கி இருந்தது. ஜெனிதான் அழுதாள். அவருக்கு வரவில்லை.

திங்கட்கிழமை பிரஷர் நூற்று முப்பத்தாறு. டாக்டருக்கே ஆச்சரியம்.

"ஃபிட் போட்டுடறேன். நாளைக்கே வண்டி ஏறலாம். வேற ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. தனசிங்குக்கு உள்ளங்கை வேர்த்தது. பயம்தான். நான்கு மாதத்தில் முதல்முதலாக ஏதோ ஒன்று உள்ளே அசைந்தது.

"பயமா இருக்கு சார்," என்றார்.

டாக்டர் ஃபிட் போடவில்லை; இன்னும் ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி எழுதினார்.

வெளியே பெஞ்சில் இருந்த ஜெனி சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது. "பிரஷர் குறையலையா?"

"அது சரியாயிடுச்சு," என்றார் தனசிங். "நான் இன்னும் சரியாகலன்னு சொல்லிட்டேன்."