கணவாய்த் தூண்டிலுக்கு அளவெடுத்தது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூர் ஃபேரர் பார்க் வீட்டின் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம் உம்மு சல்மா. கழுத்தில் அளவுநாடா, கைக்கெட்டும் தூரத்தில் தேநீர்த் தட்டு. அவளுக்கு வலப்பக்கம் மகள் ஹனீன், மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு. வாசற்கதவை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் முத்துராமன். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர், செம்பவாங்கிலிருந்து இதற்காகவே ரயிலேறி வந்திருந்தார். நான்காவது ஆள் சன்னலோர நாற்காலியில், மூன்று பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்த அப்துல் கையூம். பேச்சு அவரைப் பற்றியதுதான். ஆனால் தமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல அவர் உட்கார்ந்திருந்தார்.

கையூம் பானக் கடை வைத்திருந்தவர். வாழ்நாளில் பாதியைத் தேநீரை உயரத் தூக்கி ஆற்றியே கழித்ததில் வலத்தோள் தேய்ந்துபோய், போன வருடம் அறுவை சிகிச்சை வரைக்கும் போயிற்று. அதற்கு முன்பு சனிக்கிழமை தவறாமல் முத்துராமனோடு செம்பவாங் படகுத்துறைக்குப் போய்த் தூண்டில் போடுவார். பெரிய மீனுக்கான கனத்த தூண்டில்; இரண்டு கையாலும் இழுக்கவேண்டும். சிகிச்சைக்குப் பிறகு அது அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. கையை ஆட்டாமல் வைத்திருந்தால் தோள் இறுகிவிடும் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் எச்சரித்துவிட்டாள். கையூமோ ரிமோட்டைக்கூட இடக்கையால் எடுத்தார்.

முத்துராமன்தான் கணவாய் யோசனையைக் கொண்டுவந்தார். இப்போது படகுத்துறையில் பாதிப் பேர் மை பீச்சும் கணவாய்தான் பிடிக்கிறார்களாம். எல்லாமே லேசான சாமான். கையூம் அதற்கு ஒரே ஒரு பதில் சொல்லியிருந்தார்: "ஒரு தடவ வரேன். தோள் வலிச்சிச்சுன்னா என் சாமான் எல்லாத்தையும் நீயே எடுத்துட்டுப் போயிடணும். அப்புறம் யாரும் கடலப் பத்தி என்கிட்ட பேசக்கூடாது."

ஒரு தடவை. அதற்குள் சரியான தூண்டிலைக் கண்டுபிடிக்கவேண்டும். சல்மாவுக்கு அதுதான் கவலை.

"கணவாய்க்கு எடை குறைஞ்ச ராட்தான் தங்கச்சி," என்றார் முத்துராமன். "இறால் மாதிரி ஒரு பொம்மையக் கட்டி விடுவோம். ரெண்டு தடவ சட்டுசட்டுன்னு மேல தூக்கணும், அப்புறம் சும்மா விட்டுடணும். பொம்மை தானா கீழ எறங்கும். எறங்கும்போது அது வந்து கட்டிப் பிடிச்சுக்கும்."

"கடிக்காதா?"

"கடிக்காது. கட்டிதான் பிடிக்கும்."

"நல்ல மீனா இருக்கே, முத்துண்ணே."

"அது மீனே இல்லம்மா, டெக்னிக்கலி," என்றாள் ஹனீன் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். "இங்க பாரு, எட்டடி ஆறு இஞ்ச், ஃபுல் கார்பன். ரிவ்யூ எல்லாம் செம. ஃபோர் பாய்ன்ட் எய்ட் ஸ்டார்."

"ஸ்டார் போட்டவனுக்கெல்லாம் தோள்ல ஆபரேஷன் ஆயிருக்கான்னு கேளு," என்றது செய்தித்தாள்.

மூவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். செய்தித்தாள் ஒரு பக்கம் புரண்டது, அவ்வளவுதான்.

சல்மா தேக்கா சந்தை மாடியில் தையல் கடை வைத்திருப்பவள். ஆளை நிற்கவைத்து அளவெடுக்காமல் அவள் துணியில் கத்தரி வைத்ததில்லை. அன்று மாலையே நாடாவோடு கணவர் முன்னால் போய் நின்றாள்.

"எழுந்திருங்க. சட்டைக்கு அளவு."

"பெருநாளெல்லாம் முடிஞ்சு போச்சு. இப்ப எதுக்குச் சட்டை?"

"நில்லுங்க சொல்றேன்."

நின்றார். அவரும் ஒன்றும் தெரியாதவர் அல்ல. தரையிலிருந்து முழங்கை எவ்வளவு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு எவ்வளவு என்று பார்த்துவிட்டு, முழங்கையைப் பிடித்து மெல்ல மெல்ல மேலே தூக்கினாள். "வலிக்குதா?" என்றதற்கெல்லாம் "இல்ல" என்றே பதில் வந்தது. சல்மா அந்தப் பதிலைக் கணக்கில் எடுக்கவில்லை. அவருடைய வலப்புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு மட்டத்துக்குச் சற்றுக் கீழே முழங்கை வந்தபோது புருவம் ஒரு துடி துடித்தது. அந்த இடத்தை நாடாவில் விரலால் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேலே கை போகக்கூடாது.

மறுநாள் ஜாலான் புசார் பக்கத்துச் சந்தொன்றில் இருந்த தூண்டில் கடைக்குப் போனாள். போகும் வழியில் தேக்காவில் ஒரு கணவாய் வாங்கி நெகிழிப் பையில் முடிந்துகொண்டாள். கடைக்காரர் ஆ ஹோக், மீசை நரைத்த மனிதர். முதல் தூண்டிலை எடுத்து நீட்டியதுமே சல்மா பையை அதன் நுனியில் மாட்டச் சொன்னாள்.

ஆ ஹோக் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆன்ட்டி, இது செத்த சோத்தோங் லா. சண்டை போடாது," என்றார் கணவாயின் மலாய்ப் பெயரைச் சொல்லி, கலப்பு மொழியில். "உயிரோட இருக்கறது தண்ணியப் பீச்சிப் பீச்சிப் பின்னாடி ஓடும்."

"எடை தெரியணும்ல?"

"தண்ணிக்குள்ள எடை ஏது?"

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வந்தது வந்தாயிற்று என்று எல்லாவற்றிலும் மாட்டிப் பார்த்தாள். அதில் ஒன்று விளங்கியது: நுனி விறைப்பாக இருந்தால் பை வெடுக்கென்று ஆடுகிறது; நுனி வளைந்துகொடுத்தால் ஆட்டத்தைத் தூண்டிலே வாங்கிக்கொள்கிறது. கணவாயின் சதை மென்மை, வெடுக்கென்று இழுத்தால் அதன் கை மட்டும் பிய்ந்து வரும் என்று ஆ ஹோக்கும் சொன்னார். ஆக, நுனி இளகியிருக்கவேண்டும். அடுத்தது எடை, பிறகு நீளம். கையூமின் முழங்கை அளவை மனத்தில் வைத்து, இருந்ததிலேயே லேசானதும் குட்டையானதுமான ஆறடித் தூண்டிலைத் தேர்ந்தெடுத்தாள். கையில் பிடித்தால் பிடித்ததே தெரியவில்லை. விலைச்சீட்டைக் கிழிக்காமல் வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆ ஹோக் சொல்லியனுப்பினார்.

அந்த இரவு அவள் தையல் மிஷின் இழுப்பறையைத் திறந்தபோது, பாதியில் நின்ற கடிதம் கண்ணில் பட்டது. நாகூரிலிருக்கும் முனீராவுக்கு, அதாவது கையூமின் அக்காவுக்கு எழுதியது. முனீராவுக்குக் காது போய்விட்டது. போனில் பேச முடியாது, திரையில் முகம் பார்த்தால் அழுதுவிடுவாள். கடிதம்தான் அவளுக்கு எல்லாம். 'அனைவரும் நலம் என்று எனக்கு எழுதாதே. தம்பி கடலுக்குப் போகிறானா இல்லையா, அதை எழுது' என்று கேட்டிருந்தாள். சல்மா ஸலாம் எழுதினாள், மழை பெய்வதை எழுதினாள், அதோடு பேனா நின்றுவிட்டது. போகிறார் என்று எழுதினால் பொய். போகவில்லை என்று எழுதினால் அந்த மனுஷி அங்கே சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

வியாழக்கிழமை பிற்பகல் கடையைப் பூட்டிவிட்டு, தூண்டிலோடு சல்மா செம்பவாங் போனாள். கையூமை அழைத்துவருமுன் ஒருமுறை போட்டுப் பார்க்க எண்ணம். எந்தச் சட்டைக்கும் முதலில் ஒரு ஒத்திகை உண்டல்லவா. முத்துராமன் படகுத்துறையில் காத்திருந்தார். நீருக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர்க் கரை புகையாய்த் தெரிந்தது.

தூண்டிலைக் கையில் எடுத்துத் தடுப்புக் கம்பியருகே போய் நின்றதும் சல்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

கம்பி அவள் நெஞ்சளவு இருந்தது. கையூமுக்கும் அடிநெஞ்சு வரை வரும். ஆறடித் தூண்டிலின் நுனி கம்பியைத் தாண்டி வெளியே நீளவேண்டுமென்றால் கைகள் இரண்டையும் கம்பிக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும். தாழ்த்தினால் தூண்டில் நரம்பு போய்ப் படகுத்துறைத் தூணில் உரசுகிறது. சல்மா நாடாவை எடுத்து அளந்தாள். சந்தேகமே இல்லை. கை போகவேண்டிய உயரம், புருவம் துடித்த இடத்துக்கு ஒரு சாண் மேலே.

"என்ன தங்கச்சி?"

"கூடத்துல நிக்கவச்சு அளவெடுத்தேன் முத்துண்ணே. கூடத்துல ஏது கம்பி? ஆளுக்கு அளவெடுத்தேன், ஆள் நிக்கற எடத்துக்கு எடுக்கல."

"நானும் இத்தன வருஷமா இங்கதான் நிக்கறேன், இந்தக் கம்பிய நெனச்சுப் பாத்ததே இல்ல," என்றார் முத்துராமன். "எல்லாரும் கணவாயத்தான் யோசிச்சோம்."

எரிச்சலில் சல்மா தூண்டிலைக் கம்பிமேல் சாத்தி, அடிப்பிடியின்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு பெருமூச்சு விட்டாள். நுனி விசுக்கென்று மேலே எழுந்தது. கையை எடுத்தாள், இறங்கியது. மறுபடி அழுத்தினாள். எழுந்தது. கால்மிதியை அழுத்தினால் ஊசி மேலே போகும் பழைய தையல் மிஷினைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முத்துண்ணே, பொம்மை மேல போகணும்னா கையும் மேல போகணுமா?"

"பின்ன?"

"கை கீழ போனா போதாதா?"

முத்துராமன் அருகில் வந்து தாமும் அழுத்திப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இரும்புமேல வச்சு ஆட்டினா கார்பன் வெடிச்சிடும். ஒரு வாரம் தாங்காது. அதுவுமில்லாம இந்தக் குட்டை ராட்டுக்குப் பின்னாடி அழுத்தப் பிடியே இல்லயே."

அப்படியானால் நீளம் வேண்டும். பின்பிடி நீண்டதாக வேண்டும். அடி வாங்கக்கூடிய உடம்பு வேண்டும். எடை? எடையைக் கம்பி சுமக்கும். சல்மா கம்பியின் உயரத்தையும் பருமனையும் அளந்துகொண்டாள். திரும்பும் ரயில் முழுக்க அவள் விரல்கள் மடியிலிருந்த கைப்பையின் விளிம்பை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தன.

"இந்தக் கடையில எல்லாரும் லேசானதுதான் கேப்பாங்க," என்றார் ஆ ஹோக் அன்று மாலை, அவள் திருப்பிக் கொடுத்த ஆறடியை வாங்கி வைத்துக்கொண்டே. "நீ கனமானது கேக்குற." உள்ளே போய் எட்டடித் தூண்டில் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து வந்தார். கார்பனோடு கண்ணாடி இழை கலந்தது. யாரும் சீந்தாமல் கிடந்தது. நுனி மட்டும் இளகல். சல்மா நெகிழிப் பையை எடுக்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். அவள் எடுக்கவில்லை. தூண்டிலை அவருடைய கல்லாமேசை விளிம்பில் சாத்தி, பின்பிடியை அழுத்தினாள். நுனி எழுந்து கூரையிலிருந்த விசிறியைத் தொடப் போயிற்று. ஆ ஹோக் சிரித்துக்கொண்டே விசிறியை அணைத்தார்.

வெள்ளிக்கிழமை அதற்கு ஒரு உறை தைத்தாள். உள்ளே பஞ்சு வைத்து, வெளியே பழைய ஜீன்ஸ் துணி போட்டு, தூண்டில் கம்பியில் படும் இடத்தில் மட்டும் இறுக்கிக் கட்டும்படி இரண்டு நாடா.

சனிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து கிளம்பினார்கள். படகுத்துறையில் முத்துராமன் வலையும் வாளியுமாக இடம் பிடித்து வைத்திருந்தார். கையூம் தூண்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன, ராட்டுக்கு ரவிக்கை தைச்சிருக்கே?"

"குளிருமேன்னுதான்."

"கனமா வேற இருக்கு. தோள் போனவனுக்கு வாங்கற லட்சணமா இது?"

"பிடிக்காதீங்க. சாத்துங்க. பின்னாடி அழுத்துங்க."

கையூம் நம்பாமல்தான் அழுத்தினார். நுனி எழுந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் வேகமாக அழுத்தினார். மூன்றாவது தடவை நுனியையே பார்த்துக்கொண்டு அழுத்தினார். பொம்மை இறாலை நீருக்குள் விட்டார்.

ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்தில் நின்ற மலாய்க்காரருக்கு ஒன்று கிடைத்தது, அப்புறம் இன்னொன்று. வெளிச்சம் சாய்ந்து, படகுத்துறை விளக்குகள் எரிந்தன. அங்கேயே ஓரமாக மக்ரிப் தொழுதுவிட்டு வந்து கையூம் மறுபடி அழுத்தினார். சட்டு, சட்டு, விடு. எல்லோரும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சல்மா மட்டும் அவருடைய வலப்புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னமோ ஈரத் துணி மாட்டின மாதிரி இருக்கு," என்றார் கையூம் மெதுவாக.

"அதான் பாய். அதேதான்."

தூண்டில் நுனி வில்லாய் வளைந்தது. அத்தனை வருடப் பழக்கம், கையூமின் கைகள் தூண்டிலைக் கம்பியிலிருந்து தூக்கப் பார்த்தன. முழங்கை எழுந்தது. புருவம் துடித்தது. 'தூக்காதீங்க' என்று சல்மாவுக்கு வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டாள். கையூம் அப்படியே ஒரு கணம் நின்றார். பிறகு தூண்டிலை மறுபடி உறைமேல் இறக்கி, பின்பிடியை வயிற்றோடு அணைத்து அழுத்திக்கொண்டு, இடக்கையால் நிதானமாகச் சுற்றினார். முத்துராமன் கயிறு கட்டிய வலையை நீரில் இறக்கி அள்ளி மேலே கொண்டுவந்தார். அதற்குள் இருந்தது அவர் சட்டைமேல் மையைப் பீச்சி அடித்தது.

"நேத்துதான் லாண்டரி போட்டேன் லா," என்றார் முத்துராமன்.

கையூம் சிரித்தார். புருவம் அசையாமல் இருந்தது.

ரயிலில் வரும்போதே குறை சொல்லத் தொடங்கிவிட்டார். ரீல் கரகரவென்கிறது. உறை ஒரு விரல் முன்னே தள்ளியிருக்கவேண்டும். அடுத்த சனிக்கிழமை அந்த மலாய்க்காரர் நின்ற தூணுக்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டும், அங்கேதான் வெளிச்சம் நேராக விழுகிறது. சல்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் காலை இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்து, மழை பெய்கிறது என்ற வரிக்குக் கீழே எழுதினாள். 'தம்பி நேற்றுக் கடலுக்குப் போனார்கள். ஒரு கணவாய் பிடித்தார்கள். கையை ஒரு தடவை தூக்கியபோது வலித்தது, மறைக்கவில்லை. தூக்காமல் பிடிக்கவும் வழி இருக்கிறது. தூண்டில் சரியில்லை என்று நேற்றிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமையும் போகிறார்கள்.'

கையூம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "எத்தாம் பெருசுன்னு எழுதலயே. ரெண்டு சாண்னு போடு."

"ஒரு சாண்கூட இல்ல. நாடா வச்சு அளந்தாச்சு."

"அக்கா என்ன வந்து அளக்கவா போகுது?"

சல்மா அளந்ததையே எழுதினாள். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டு, ஓரத்தில் பசை தடவி, தையல் மிஷின் பலகைமேல் வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்தி ஒட்டினாள். நாகூர் முகவரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய், தெருமுனைத் தபால்பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டாள்.