முட்டைக்கு ஆதாரம்

"கூடு இருக்குதுன்னு சொல்றியே, முட்டை இருக்குதாம்மா? போட்டோ காட்டு, மூணு வாரம் தள்ளிவைக்கிறேன். இல்லேன்னா திங்கக்கிழமை ஜேசிபி இறங்கிடும்" என்றார் ஏரியைத் தூர்வார வந்த இன்ஜினியர்.

எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் விலங்கியல். அதைச் சொன்னதற்கு, "அப்ப பேங்க் எக்ஸாம் எழுதலாமே" என்றார். நல்ல பதில் ஒன்று தொண்டை வரை வந்தது. மூணு வாரம் வேண்டியிருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

மாகறல் தாண்டி இருக்கும் அந்தச் சின்ன ஏரியில் மே மாதத்தில் நடுப்பகுதியில் மட்டும்தான் தண்ணீர். முழங்கால் ஆழம், அதற்குக் கீழே இடுப்பு வரை புதையும் சேறு. நடந்து போக வழியில்லை. ஆள் நிமிர்ந்து நடந்தாலே அங்கே கூடு வைத்திருக்கும் நெடுங்கால் உள்ளான் பறவைகள் எழுந்துவிடும். அதனால் ஞாயிறு காலை தினேஷின் கயாக் படகைக் கார் மேலே கட்டிக் கொண்டுவந்தோம். தினேஷ் காலேஜில் என்னோடு படித்தவன், செவிலிமேட்டுக்காரன். கோவளத்தில் யாரோ விற்ற பழைய கயாக்கை ஆசையாக வாங்கினான். ஒரு வருஷமாக மொட்டைமாடியில் அவன் அம்மா அதில் வத்தல் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"நானே ஓட்றேன், நீ படம் மட்டும் எடு" என்றான்.

"ஒத்தை ஆள் படகு. அதுவுமில்லாம நீ வாயை மூடிக்கினு இருக்கமாட்டே."

அவனைக் கரையில் விட்டு, போனை லைனில் வைத்து, காதில் இயர்போனோடு கிளம்பினேன். நான் வேலை பார்க்கும் கல்யாண போட்டோ ஸ்டுடியோவின் கேமரா கழுத்தில். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன்.

"குழலி, இன்னாபா ஓட்றே? பாம்பு கணக்கா போவுது."

"நேராத்தான் துடுப்பு போட்றேன்."

"கால்ல இன்னா பண்றே?"

குனிந்து பார்த்தேன். கயாக்கில் காலடியில் இரண்டு பெடல் உண்டு. இடதை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும், வலதை அழுத்தினால் வலப்பக்கம். என் கால் இரண்டும் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. ஒன்பதாவதிலிருந்து டிகிரி முடியும்வரை பிள்ளையார்பாளையத்து வீட்டில் சாயங்காலமெல்லாம் குழித்தறியில் உட்கார்ந்து மிதிகட்டை மிதித்து நெய்தவள் நான். காலைக் கீழே விட்டு, கைக்கு இடமும் வலமுமாக ஒரு வேலை கொடுத்தால், கால் பாட்டுக்கு மிதிக்க ஆரம்பித்துவிடும்.

"எத்தினி முழம் ஆச்சி?" என்றான் தினேஷ்.

அதற்குள் படகின் ஆட்டத்தில் அங்கிருந்த பன்னிரண்டு உள்ளான்களும் எழும்பி, தலைக்கு மேல் கிக் கிக் என்று கத்திக்கொண்டு சுற்றின. எனக்கு என் மேலேயே எரிச்சல். காலை மேலே இழுத்துச் சம்மணம் போட்டுக்கொண்டேன். துடுப்பை மடியில் வைத்து, காற்று தள்ளுகிற பக்கம் தள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கால் மணி நேரத்தில் ஒவ்வொன்றாக இறங்கின.

என்ன கால் அது! உடம்பு ஒரு கைப்பிடி, கால் அரை முழம், பளீரென்ற ரோஸ் நிறம். எங்கள் தெருவில் எந்தச் சாயக்காரரும் அந்த நிறத்தைப் பிடித்ததில்லை. சேற்றில் நடந்தும் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டவில்லை. தாய்ப்பறவை நேரே தன் கூடு இருந்த மண்மேட்டுக்கு நடந்து, காலைப் பின்பக்கமாக மடக்கி உட்கார்ந்தது.

ஒன்பது மணி வெயில் ஏறியது. அது எழுந்து தண்ணீருக்குப் போனது. வயிற்றை முக்கியது, திரும்ப முக்கியது, சொட்டச் சொட்ட வந்து கூட்டின் மேல் உட்கார்ந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடாமலிருக்க ஈரம் சுமந்து வருகிறது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி. பதினோரு தடவை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. இதைப் பாடத்தில் படித்து இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்க்கையில், அந்த இரண்டு மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருந்தது. இதன் பாதி பொறுமை எனக்கு வந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

நல்ல படமாக ஆறு பொறுக்கி, கேமராவிலிருந்து போனுக்கு ஏற்றி, இன்ஜினியருக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

'பறவை குளிக்குது. முட்டை எங்கேம்மா?'

நான் படகில் உட்கார்ந்திருந்த உயரத்துக்கு மண்மேட்டின் விளிம்பு முட்டையை மறைத்தது. தினேஷிடம் சொன்னேன்.

"கிட்ட போயேன். ரெண்டு நிமிசம் பறக்கும், திரும்ப வந்துடப்போவுது."

"கருவேல மரத்துல பார். அந்த ரெண்டு நிமிசத்துக்குத்தான் காக்கா உக்காந்துக்கினு இருக்குது."

"நாளைக்கு ஜேசிபி வந்தா மட்டும்?"

துடுப்பைக் கையில் எடுத்தேன். நாலு போடு போட்டால் போதும். தாய்ப்பறவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, எழவில்லை. துடுப்பைக் கீழே வைத்தேன்.

பத்தரை இருக்கும். அது எழுந்து நின்று கூட்டுக்குள் குனிந்தது. நிமிர்ந்தபோது அலகில் பாதி முட்டை ஓடு. பழுப்பு, அதில் கருப்புப் புள்ளி. அதை நாலடி தள்ளித் தண்ணீரில் போட நடந்தது. விரலை எடுக்காமல் அழுத்தினேன்; முப்பது படம் விழுந்திருக்கும். மேட்டின் விளிம்பில் நனைந்த பஞ்சு மாதிரி ஒரு தலை எட்டிப் பார்த்தது.

அனுப்பினேன். இப்போது பதில் வரக் கொஞ்சம் நேரமானது.

'முட்டைதான் பொரிஞ்சிடுச்சே. அப்ப நாளைக்கே ஆரம்பிக்கலாமே?'

அன்றைக்கு அவரிடம் விழுங்கிய பதில் மேலே வந்தது. அதை விட்டுவிட்டு இப்படித் தட்டினேன்: 'குஞ்சு பறக்க நாலு வாரம் ஆகும் சார். ஆதாரம் கேட்டீங்க, குடுத்துட்டேன். மூணு வாரத்தை நாலா போடுங்க. நாளைக்கு வண்டி இறங்கினா இதே படம் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கும்.'

நீல டிக் விழுந்தது. நான் கொக்கியில் மாட்டினவள் மாதிரி போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'ஜூன் 15க்கு மேல்.'

அவ்வளவுதான். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை நான்.

"தள்ளிவச்சுட்டார்" என்றேன் இயர்போனில்.

"சூப்பர்பா. வந்துடு, தலை வெந்துடும்."

"வர முடியாது. ஈரத்தோட வந்து குஞ்சு மேல இப்பத்தான் உக்காந்துது. துடுப்பு போட்டா எழுந்துக்கும்."

"அப்ப எப்படி வருவே?"

"காத்து கரைப்பக்கம் திரும்பினா வந்துடுவேன்."

"எப்ப திரும்பும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ போய் டீ குடி."