வண்ணமடிக்காத இரண்டு மாநிலங்கள்

"கொஞ்சம் மேல. இன்னும் மேல. போதும், போதும்" என்றாள் அக்கா கோனி.

வெய்ன் நாலாவது ஊசியைக் குத்தியதும் பலகை அவன் மேலேயே சாய்ந்தது. முழங்காலால் முட்டுக்கொடுத்து நிறுத்தினான். தேவாலய வாசலில் செத்தவரின் படங்களையும் சாமான்களையும் பலகை போட்டு வைப்பது நார்ட்லன்ட் ஊர் வழக்கம். மற்றவர்களுக்குக் கல்யாணப் போட்டோ, பெரிய மீனைத் தூக்கிப் பிடித்த போட்டோ என்று இருக்கும். அப்பாவுக்கு, கடல் கடக்காமல் வண்டியில் போகக்கூடிய நாற்பத்தெட்டு அமெரிக்க மாநிலங்கள் கொண்ட ஒரு வரைபடம்.

அதில் நாற்பத்தாறு மாநிலங்களுக்கு மஞ்சள் அடித்திருந்தார். மஞ்சள் என்றால் அந்த மாநிலத்துக்குப் போயிருக்கிறார், அங்கே ஒருநாளும் இன்டர்ஸ்டேட் என்கிற பெரிய அதிவேகச் சாலையில் வண்டி ஓட்டியதில்லை என்று அர்த்தம். மேலே பாலத்தில் கடந்து போகலாம், கீழே சுரங்கத்தில் நுழைந்து போகலாம், சக்கரம் மட்டும் அதில் ஏறக்கூடாது. ஆர்லின் சோர்ட்பெர்க் என்ற கிராமத்துத் தபால்காரர் வருஷத்துக்கு மூன்று வாரம் லீவு போட்டு, நாற்பது வருஷமாக இந்த வேலையைச் செய்தார். இது கொள்கையா கிறுக்கா என்று வீட்டில் நாற்பது வருஷமும் பட்டிமன்றம் நடந்தது. தீர்ப்பு சொல்ல யாரும் இல்லை.

சொந்த மாநிலமான சவுத் டகோட்டாவும் பக்கத்திலிருக்கும் மினசோட்டாவும் மட்டும் வெள்ளையாக இருந்தன. வெய்ன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். முதலில் மஞ்சள் அடித்து, பிறகு வெள்ளை மை பூசி மறைத்திருக்கிறார். வாழ்கிற இடமெல்லாம் பயணக் கணக்கில் சேருமா என்று யோசித்து அழித்திருப்பார் என நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் நினைக்க மனசு நகரவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் போன் வந்ததிலிருந்து அப்படித்தான் இருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி. தொட்டால் தொடுவது தெரிகிறது, அவ்வளவுதான். அழுகை வரவில்லையே என்ற கவலைகூட வரவில்லை.

சித்தப்பா ஆர்வ் தடியை ஊன்றிக்கொண்டு வந்து வரைபடத்தைப் பார்த்தார். எண்பத்தொரு வயது. அண்ணன் செத்ததில் துக்கம் இருந்தாலும் நாக்குக்கு லீவு கொடுக்கிற ஆள் இல்லை.

"பெட்டிய கல்லறைக்கு எந்த ரோட்டுல கொண்டுபோறாங்க? பெரிய ரோட்டுல போனா எந்திரிச்சு இறங்கிடுவான் எங்கண்ணன்."

"கல்லறை பின்னாடிதான் இருக்கு, சித்தப்பா" என்றாள் கோனி.

"தெரியும்மா, தெரியும். டேய் வெய்ன், சாப்பாட்டுல எல்லாரும் ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. நீ அந்த ரோச்செஸ்டர் கதையச் சொல்லணும். நீ சொன்னாத்தான் அதுக்கு ருசி."

"இன்னிக்கு அது எதுக்கு?" என்றாள் கோனி.

"சொல்றேன் சித்தப்பா" என்றான் வெய்ன்.

இருபத்தோரு வருஷமாகச் சொல்லிவருகிற கதைதான். அம்மா ஐரீன் மினசோட்டாவில் ரோச்செஸ்டர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிப்ரவரி மாதம். மதியம் பன்னிரண்டரைக்கு டாக்டர் வந்து, இன்றைக்குத் தாண்டாது என்று சொல்லிவிட்டார். வெய்ன் வராந்தா போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டான். அப்பா எப்போதும் வீட்டு வாசலில் தொடங்குகிற பதினாலாம் எண் சாலையிலேயே வருவார். ஊர் ஊராக நின்று, சிக்னல் சிக்னலாகக் கும்பிட்டு, நாலரை மணி நேரம். வெய்ன் சொன்னான்: "ஒரே ஒரு தடவை, அப்பா. இன்டர்ஸ்டேட் இருபத்தொன்பதுல ஏறித் தொண்ணூறப் புடிச்சு வாங்க. உங்க வரைபடத்தவிட அம்மா பெருசு." அப்பா சரி என்றார். அம்மா சாயங்காலம் ஏழு மணிக்குப் போனாள். அப்பா வந்து சேர்ந்தது மறுநாள் காலை பதினோரு மணிக்கு. வண்டி நிறுத்துமிடத்திலேயே வெய்ன் அவரை மறித்தான்.

"எந்த ரோட்டுல வந்தீங்க?"

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ரோடு மோசமா இருந்துச்சு" என்றார். பதினாலில்தான் வந்திருக்கிறார் என்று வெய்ன் முடிவு கட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் வெய்ன் அவரோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது கோபத்தைக் கேலியாக மாற்றிக்கொண்டான். கல்யாண வீட்டில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில், பேரன் பட்டம் வாங்கிய அன்று என்று சந்தர்ப்பம் கிடைத்த இடமெல்லாம் சொன்னான். பெண்டாட்டி சாகக் கிடக்கும்போதுகூடப் பதினாலை விடாத மனிதர். எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் தட்டைப் பார்த்தபடி லேசாகச் சிரிப்பார்.

ஒன்பதரைக்கு ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். கை குலுக்கினார்கள். நல்ல மனுஷன் என்றார்கள். மழை இல்லாமல் விதைப்பு தள்ளிப்போவதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். வெய்ன் எல்லாருக்கும் நன்றி சொன்னான். குரல் வேறு யாருடையதோ மாதிரி ஒழுங்காக வேலை செய்தது.

கடைசியில் ஒரு கிழவி வந்தாள். ஆண்பிள்ளைச் சட்டை, இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. யாருக்கும் கை கொடுக்காமல் நேராக வரைபடத்துக்குப் போய் மூக்கு ஒட்டுகிற தூரத்தில் நின்றாள்.

"ரோட் ஐலண்ட சுத்தமா முடிச்சிருக்கான் பாரு. அசகாய சூரன்" என்றாள். பிறகு திரும்பினாள். "நான் வெர்லா. நெப்ராஸ்கா. உங்கப்பாவும் நானும் ஒரே கோஷ்டி, பெரிய ரோட்டுல ஏறாத கோஷ்டி. பன்னெண்டு பேர் இருந்தோம், இப்ப அஞ்சு. நீ பையன்தானே?"

"ஆமா. வெய்ன். எவ்வளவு நேரமாச்சு உங்களுக்கு இங்க வர?"

"எண்பத்தொண்ணாம் நம்பர் ரோட்டுலயே வந்தேன். அஞ்சு மணி நேரம். வேற எப்படி வருவேன்?" என்றாள், கேள்வியே தப்பு என்பது போல.

அவளை உட்கார வைக்க நாற்காலி தேடினான். அவள் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, வெள்ளையாக இருந்த இரண்டு மாநிலங்களை விரலால் தட்டினாள்.

"இதுதான் எனக்கு இன்னும் ஆறல. ரெண்டும் ஒரே நாள்ல போச்சு."

"போச்சுன்னா? இங்கேயே இருக்கிறதால சேர்க்கலன்னு நெனச்சேன்."

"என்ன கண்ணு பேசுற? சொந்த மாநிலந்தான் ரொம்பக் கஷ்டம். வெளியூர்ல மூணு நாள் பல்லக் கடிச்சா முடிஞ்சுது. உங்கப்பன் இருபத்தொன்பது பக்கத்துலயே குடியிருந்து, தெனம் அந்தப் பாலத்து மேல தபால் கொண்டுபோயி, ஒருநாளும் எறங்காம இருந்தானே! எங்க கோஷ்டியில எவனும் அதச் செஞ்சதில்ல." அவள் பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தாள். "பெரிய ரோட்டுல சக்கரம் ஏறி ஒரு மாநிலம் போச்சுன்னா மத்தவங்க எல்லாருக்கும் கார்டு போடணும். அது எங்க ஏற்பாடு. பாக்கிறதுக்கு யாரும் இல்லியே, நாமளாத்தான் ஒத்துக்கணும். எனக்குக் கான்சஸ் போனது ஒரு மாத்துவழிப் போர்டுனால. ரெண்டே மைல். அழுதுகிட்டே பதினோரு கார்டு எழுதினேன்."

அட்டையில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. 'மினசோட்டா, சவுத் டகோட்டா இரண்டும் போய்விட்டன. பிப்ரவரி 11, 1999. ஆர்லின்.'

வெய்ன் தேதியைப் படித்தான். மறுபடியும் படித்தான். அம்மாவின் கல்லில் வெட்டியிருக்கிற தேதி அது.

"அன்னிக்கு அவர் தொண்ணூறுலயா வந்தார்?"

"வந்தான்னு எங்க சொல்றது? போய் மாட்டினான். பாதி வழியில, வர்திங்டன் ஊர்ல, சாயங்காலம் மூணு மணிக்கெல்லாம் பனிக்காத்துன்னு ரோட்டையே கேட்டப் போட்டு அடைச்சுட்டாங்க. மறுநாள் காலைல ஏழு மணிக்குத்தான் தொறந்தாங்க. வடக்கால போய் பதினாலப் புடிக்கலாம்னு பார்த்திருக்கான். போலீஸ்காரன் திருப்பி அனுப்பிட்டான். லாரிக்காரங்களோட பள்ளிக்கூட ஹால்ல ராத்திரி பூரா உக்காந்திருந்தானாம்." அவள் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டாள். "பதினாலாம் ரோடு அன்னிக்கு இருட்டுற வரைக்கும் தொறந்தேதான் கெடந்துச்சு. எனக்கு ரோடு நெலவரம் கேக்கிற பழக்கம், தெனம் போன் போட்டுக் கேப்பேன். அவன் எப்பவும் வர்ற வழியில வந்திருந்தா அஞ்சரைக்கு ஐரீன் பக்கத்துல இருந்திருப்பான்."

"அஞ்சரைக்கு" என்றான் வெய்ன்.

"எவனோ ஒரு முட்டாள் பெரிய ரோட்டுல வான்னு சொல்லியிருக்கான். யாருன்னு நானும் எத்தனையோ தடவை கேட்டுட்டேன். சொல்லவே மாட்டான். அக்கறையில சொன்னவங்கதான், விடு வெர்லாம்பான்."

உள்ளே ஆர்கன் வாசிக்கத் தொடங்கினார்கள். கோனி கதவருகில் நின்று அவனை வரச்சொல்லிக் கையசைத்தாள். வெய்ன் அட்டையை வெர்லாவிடம் திருப்பிக் கொடுத்தான். அவள் கை அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தான். நன்றி என்று சொன்னான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

பாதிரியார் பேசினார். பாட்டுப் பாடினார்கள். பெட்டியைத் தூக்க ஆறு பேரில் ஒருவனாக அவனும் கைப்பிடியைப் பிடித்தான். எதிர்பார்த்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது. அம்மாவுக்குப் பக்கத்துக் குழியில் பெட்டி இறங்கியது. அவன் வண்டி நிறுத்துமிடத்தில் நின்ற மனிதரை நினைத்துக்கொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றின கை, ரோடு மோசமா இருந்துச்சு என்ற குரல். நீ சொன்னதால்தான் என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அன்று சொல்லியிருக்கலாம். பேசாமல் இருந்த மூன்று வருஷத்தில் ஒரு கடிதமாவது போட்டிருக்கலாம், தபால்காரர்தானே. விருந்துகளில் எல்லாரும் சிரித்தபோது சொல்லியிருக்கலாம். தட்டைப் பார்த்துச் சிரித்தாரே, அதற்குப் பதிலாக. யாரோ வெய்னின் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்தார்கள். போட்டான்.

சாப்பாடு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். ஹாம் வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், ஊறுகாய் வெள்ளரி, மூன்று விதமான இனிப்புத் துண்டுகள். மடக்கு நாற்காலிகள் சிமெண்ட் தரையில் கிறீச்சிட்டன. வெய்ன் இரண்டு பன் சாப்பிட்டிருந்தான். சாப்பிட்டது தெரியவில்லை, தட்டு காலியாக இருந்ததால் தெரிந்துகொண்டான்.

மைக் ஒவ்வொரு மேசையாக வந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், பனியில் புதைந்த தபால் வண்டியை ஆர்லின் தோண்டி எடுத்ததைச் சொன்னார். வெர்லா எழுந்து ரோட் ஐலண்ட் பற்றிச் சொன்னாள், பாதிப் பேருக்குப் புரியவில்லை. பிறகு சித்தப்பா மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"இப்ப நம்ம வெய்ன் ரோச்செஸ்டர் கதை சொல்லப்போறான். கேக்காதவங்க கேட்டுக்கங்க. சாவு வீட்டுல சிரிக்கலாம், எங்கண்ணன் கோவிச்சுக்க மாட்டான்."

இப்போதே நாலைந்து பேர் சிரிக்கத் தயாராகத் திரும்பி உட்கார்ந்தார்கள். வெய்ன் எழுந்தான். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்பா மூடி வைத்ததைத் திறக்க நான் யார். ஆனால் மைக் வாய்க்கு நேராக இருந்தது. இவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிறகு அதுதான் அவர் என்று ஆகிவிடும்.

"அந்தக் கதை தப்பு" என்றான். "அன்னிக்கு அப்பா இன்டர்ஸ்டேட்லதான் வந்தார். வர்திங்டன்ல கேட்டப் போட்டுட்டாங்க. பதினாலு தொறந்திருந்துச்சு. அதுல வந்திருந்தா அம்மாவப் பார்த்திருப்பார்."

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பாவின் வாய் பாதி திறந்தபடி இருந்தது.

"இன்டர்ஸ்டேட்ல வாங்கன்னு சொன்னது நான்தான். எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும். அவருக்கு இருபத்துநாலு வருஷமாத் தெரியும்."

மைக்கைச் சித்தப்பாவிடம் நீட்டினான். அவர் வாங்க மறந்து நின்றார். அதை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்தான். இரண்டு மேசை தள்ளி வெர்லா கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஒரு குழந்தை மட்டும் ஸ்பூனால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அடப் போடா" என்றார் சித்தப்பா கடைசியில், மிக மெதுவாக. அவர் எதையாவது மெதுவாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கோனி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"நீ போன் பேசினப்போ நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றாள். "அடுத்து நான் பேசணும்னு நின்னேன். நீ சொல்லிட்டே. நான் சொல்ல இருந்ததும் அதேதான்."

அவன் தலையாட்டினான்.

பரிமாறுகிற பெண்களில் ஒருத்தி, யாரென்று அவனுக்குத் தெரியாது, காபிக் கூஜாவோடு வந்து நின்றாள். அழுதிருந்தாள் போல. "கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள். அவன் முன்னால் இருந்த கோப்பை விளிம்புவரை நிறைந்திருந்தது. அவளும் பார்த்தாள், அவனும் பார்த்தான்.

"ஊத்துங்க" என்றான். கோப்பையைக் கையில் எடுத்து, நாக்குச் சுடச்சுட முக்கால்வாசி குடித்துவிட்டு, நீட்டினான்.