பலகைக்குப் பின்னால் சிவப்பு

அந்த ரயில் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலையில் நூற்று எண்பது பேர் இருந்தார்கள். சிக்னல் சோதனைக்காரிக்கு அதில் மூன்று பேர் மேல்தான் மரியாதை. ஒருத்தி அவளே. மற்ற இருவர் அவளிடம் வேலை பார்த்த வயர்மேன்கள். அவர்களும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கில் வரமாட்டார்கள்.

திட்ட மேலாளருக்கு அவள் வைத்த பெயர் 'ஒரே குடும்பம்'. மனிதர் வாயைத் திறந்தால் அதுதான். சிக்னல் வைக்கிறவர்கள், கூரை போடுகிறவர்கள், தரை பதிக்கிறவர்கள் எல்லாரையும் திங்கட்கிழமை பத்து மணிக்கு ஓர் அறையில் அடைத்து, பிஸ்கட் தட்டைச் சுற்ற விட்டு, "நாம தனித்தனி டீம் இல்ல, ஒரே குடும்பம்" என்பார். இரண்டு வருஷமாக இந்தக் கூத்து. போதாததற்கு எல்லாருக்கும் 'ஒன்றாய் உழைப்போம்' என்று அச்சடித்த ஆரஞ்சு பனியன். அவள் தன் பனியனால் சிக்னல் ரிலே அறைப் பெட்டிகளைத் துடைத்தாள். நல்ல பருத்தி. இந்தத் திட்டத்தில் உருப்படியாக வந்த ஒரே சாமான் என்பாள்.

நிலையக் கட்டடத்தை வரைந்தவர் எப்போதும் கறுப்புச் சட்டை போடுவார். அவருக்குப் பெயர் 'ஷோகேஸ்'. தன் அழகான நிலையத்தைக் கெடுக்க வரும் சனியன் ரயில் என்பதுபோல்தான் அவர் பேச்சு இருக்கும். வளைந்த கூரை, அதன் நுனியில் பஸ் நீளத்துக்கு ஒரு மின்பலகை. வருகிறவர்களை வரவேற்குமாம். கூட்டத்தில் அவர் படம் காட்டும்போதெல்லாம் அவள் மேஜைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வயரிங் பற்றிப் பேசும்போது அவர் கண்ணாடி துடைத்தார். கணக்கு நேராகிவிட்டது என்று இருவரும் நினைத்தார்கள்.

திறப்பு விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, காலை ஒன்பதரை மணிக்குச் சோதனை ரயில் ஓடியது. ஓட்டியவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். அவள் பின்னால் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் கண்ணில் சிக்னல் குறைந்தது எட்டு விநாடி பட வேண்டும் என்பது விதி.

வளைவு திரும்பியது. பிளாட்பாரம் தெரிந்தது.

"எங்கம்மா உன் சிக்னல்?"

"வரும் மாமா."

"எப்ப? நான் ரிட்டயர் ஆன பிறகா?"

மின்பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் அடியிலிருந்து திடீரென்று சிவப்பு எட்டிப் பார்த்தது. அவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி குலுங்கி நின்றது. அவள் நெற்றி கம்பியில் இடித்தது.

"மூணு விநாடி" என்றார் அவர், கடிகாரத்தைப் பார்க்காமலே. "மெதுவா வந்தேன், தப்பிச்சோம். வேகமா வர்றவன் என்ன பண்ணுவான்? பலகையில 'வருக வருக'ன்னு படிச்சுக்கிட்டே உள்ள வந்துடுவான்."

அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே மேலாளர் அறைக்குப் போனாள். ஷோகேஸும் அங்கேதான் இருந்தார், விழாவுக்குப் பூத்தொட்டி எங்கே வைப்பது என்ற பெரிய பிரச்சினையோடு.

"டிரைவர்ங்ககிட்ட வேகத்தைக் குறைக்கச் சொல்லிடலாமே?" என்றார் மேலாளர்.

"பயணிகளைக் கண்ணை மூடிக்கச் சொல்லுங்க, அது இன்னும் சுலபம்."

"சிக்னலைக் கொஞ்சம் நகத்தினா?"

"நகத்தலாம். நாலு மாசம் ஆகும். நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார். பலகையை எடுங்க."

ஷோகேஸ் நிமிர்ந்தார். "பலகை என் பிளான்ல முதல் நாள்லேர்ந்து இருக்கு. ஒரு தடவையாவது திறந்து பாத்தீங்களா?"

"நீங்க என் பிளானைத் திறந்தீங்களா?"

"இல்ல."

அவரிடமிருந்து இவ்வளவு நேர்மையை அவள் எதிர்பார்க்கவில்லை. அதற்காகவும் அவர்மேல் எரிச்சல் வந்தது.

மூவரும் பிளாட்பாரத்துக்கு வந்தார்கள். பலகையை மாட்டிய வெல்டரை மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றியபடி வந்து நின்றார்.

"இவ்வளவு பெரிய விஷயம்! மேல நின்னு மாட்டினீங்களே, உங்க கண்ணுக்குமா படல? வாயைத் திறந்து சொல்ல வேணாமா?" என்று மேலாளர் கேட்டார்.

வெல்டர் கையுறையைக் கழற்றினார். யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில், சாரத்தின் மேலிருந்து இந்த ஆள் குனிந்து கூப்பிட்டிருந்தார். "மேடம், இங்கேர்ந்து பாத்தா உங்க லைட்டு மறையுது." அவள் நடையைக்கூட நிறுத்தவில்லை. "அது நீங்க பாக்கறதுக்கு வச்சது இல்லண்ணே, டிரைவர் பாக்கறதுக்கு. பத்த வைக்கிற வேலையைப் பாருங்க." அந்த வரியை அன்று மத்தியானம் வயர்மேன்களிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

வெல்டர் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்திருக்கலாம். அல்லது அவளை ஓர் ஆளாகவே மதிக்காமல் விட்டிருக்கலாம்.

"அவர் சொன்னார்" என்றாள். "என்கிட்ட சொன்னார். நான்தான் கிண்டல் பண்ணிட்டுப் போயிட்டேன்."

ஷோகேஸ் கண்ணாடியைத் துடைத்தார். மேலாளர் அவளை இரக்கமாகப் பார்த்தார்.

"விடும்மா. ஒரே குடும்பத்துல இதெல்லாம் சகஜம்."

கன்னத்தில் அறைந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பலகையை இறக்க இரண்டு நாள் ஆயிற்று. அதைத் தெருப் பக்கம் மாட்டினார்கள். அங்கே ரயில் வராது. மறுபடி வண்டி ஓடியபோது ஒன்பது விநாடி. கையெழுத்துப் போட்டுவிட்டு, வெல்டரைத் தேடிப் போனாள்.

"அண்ணே, அன்னிக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க."

"எது மேடம்?"

"பத்த வைக்கிற வேலையைப் பாருங்கன்னு..."

"அதுவா?" அவர் யோசித்தார். "நீங்க தினமும் ஏதாவது சொல்லிக்கிட்டேதான் போவீங்க. எதைன்னு ஞாபகம் வச்சுக்கறது?"

கோபமே இல்லாமல்தான் சொன்னார். அவளால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

திறப்பு விழாவில் மேலாளர் அரைமணி நேரம் கூட்டுழைப்பைப் பற்றிப் பேசினார். சரியான நேரத்தில் தவறைக் கண்டுபிடித்தது குழுவின் ஒற்றுமையாம். வெல்டருக்கு அழைப்பு இல்லை. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் தட்டவில்லை.

மறுநாளே மேலாளரிடம் போய், அடுத்த கட்ட வேலைக்குக் கூட்டம் அறையில் வேண்டாம், பிளாட்பாரத்தில் நின்றபடியே நடக்கட்டும், கொத்தனார் முதல் வெல்டர் வரை எல்லாரும் வரட்டும் என்றாள். "அருமையான யோசனை. நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். அடுத்த நாள் சுற்றறிக்கையில் அது அவர் யோசனையாகவே வந்தது.

முதல் கூட்டத்தில் வெல்டர் வாயைத் திறந்தார். மூன்றாவது பிளாட்பாரத்தில் சாக்கடைச் சரிவு தப்பு என்று வெயிலில் இருபது நிமிஷம் விளக்கினார். சரிவு தப்பே இல்லை. பாதியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு நுனியில் ஒரு நல்ல வரி வந்து நின்றது. விழுங்கிவிட்டு, "எந்த இடத்துலண்ணே? காட்டுங்க" என்று அவர் பின்னால் நடந்தாள்.